ஆடி மாதத்துப் பனி

பின்லாந்தில் வுவோகட்டி என்று ஓர் ஊர். குளிர்காலத்தில் அங்கே பனிக்குப் பஞ்சமே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில்தான் 1997இல் 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் கட்டினார்கள். அதற்குள் குளிர்காற்றைச் செலுத்தி, இயந்திரத்தால் பனி செய்து தரையில் பரப்பினார்கள். ஜூலை மாதத்தில் வெளியே ஊர்மக்கள் ஏரியில் நீந்திக்கொண்டிருப்பார்கள். உள்ளே, உறைநிலைக்குக் கீழே சில டிகிரியில், கம்பளித் தொப்பி போட்ட வீரர்கள் சுரங்கத்தின் அந்தக் கோடிக்குப் போவதும் இந்தக் கோடிக்குத் திரும்புவதுமாக இருப்பார்கள். நெடுந்தூரப் பனிச்சறுக்குக்கென்று உலகில் முதலில் கட்டப்பட்ட சுரங்கம் அதுதான். பிறகு ஸ்வீடனில் டோர்ஸ்பியிலும் ஜெர்மனியில் ஓபர்ஹோஃபிலும் இப்படிக் கட்டினார்கள். ஆஸ்லோவை அடுத்த லோரன்ஸ்கூக்கில் 2020இல் ஒரு பெரிய அரங்கையே திறந்துவிட்டார்கள். வருடத்தில் பாதி நாள் பனியை வாரித் தெருவோரம் ஒதுக்கிக் களைத்துப்போகிற நாட்டுக்காரர்கள், மீதிப் பாதியில் காசு கொடுத்துப் பனிக்குள் போகிறார்கள்.

பாலசமுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. பழனியிலிருந்து மலையை நோக்கிச் சில கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். தென்னையும் மாவும் கொய்யாவும், பாலாறு பொருந்தலாறு அணையின் தண்ணீரும், அதற்குப் பின்னால் சுவராக எழும் கொடைக்கானல் மலையும். சித்திரையில் தார்ச்சாலை கால் வைக்க விடாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கண்ணைத் திறக்க விடாது. குளிர் என்பது எங்களுக்கு மேலே இருக்கிற சமாச்சாரம். மார்கழி, தையில் கொடைக்கானலின் புல்வெளிகளில் விடியற்காலை உறைபனி படர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசுவார்கள். வெயில் ஏறியதும் அதுவும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

ஆனாலும் இந்த மலையடிவாரத்தின் மிகப் பழைய கதை குளிரைப் பற்றியதுதான். பொதினி மலைக்குத் தலைவனான வையாவிக் கோப்பெரும் பேகன், மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவனாக அவனை வைத்ததற்கு அந்தப் போர்வையே காரணம். மயிலுக்குக் குளிராது என்று பள்ளிக்கூடத்தில் எங்களில் யாராவது ஒருவன் எழுந்து சொல்லத்தான் செய்தான். தமிழாசிரியர் அவனை உட்காரச் சொன்னார். எனக்கு இப்போது தோன்றுவது வேறு. வெப்ப நாட்டுக்காரன் குளிரைப் பார்த்தால் உடனே போர்த்தத்தான் நினைக்கிறான். அதற்குள் இறங்கி விளையாட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை.

பனிச்சறுக்கு என்றதும் நமக்கு நினைவில் வருவது சினிமாப் பாட்டு. கதாநாயகி மெல்லிய சேலையிலும் கதாநாயகன் கம்பளிக் கோட்டிலும் ஆட, பின்னணியில் யாரோ சரிவிலிருந்து சர்ரென்று இறங்குவார்கள். நான் சொல்ல வந்தது அதை அல்ல. கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் எனப்படும் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் இறங்குவதைவிட ஏறுவதுதான் பெரும்பாடு. காலில் நீண்ட மெல்லிய பலகை. கையில் இரண்டு கோல். சமவெளி, மேடு, பள்ளம் எல்லாவற்றையும் தன் மூச்சாலேயே கடக்க வேண்டும். இயற்கை கொடுக்கும் இலவசம் இறக்கத்தில் கிடைக்கும் சில நொடிகள் மட்டும். இதில் இரண்டு பாணி உண்டு. பனியில் வெட்டிய இணைத் தடங்களுக்குள் காலை முன்னும் பின்னுமாக உதைத்துப் போவது பழைய பாணி. சறுக்குக் காலணிக்காரன்போல் பலகையைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் போவது மற்றது. இது 1980களில் பரவியது. 1982இல் அமெரிக்கர் பில் கோச் இந்த உத்தியோடு உலகக் கோப்பையை வென்றபோது பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். கால், கை, முதுகு, வயிறு என்று உடம்பின் எந்தத் தசையையும் சும்மா இருக்க விடாத விளையாட்டு இது. மனித உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்று சோதனைக்கூடத்தில் அளந்ததில் மிக உயர்ந்த அளவுகள் பலவும் இந்த விளையாட்டு வீரர்களுடையவை.

அப்படியானால் கோடையில் ஓடலாமே, சைக்கிள் மிதிக்கலாமே, மலை ஏறலாமே என்று கேட்கலாம். எல்லாம் செய்கிறார்கள். தார்ச்சாலையில் ரோலர் ஸ்கீயும் ஓட்டுகிறார்கள். முன்னும் பின்னும் சக்கரம் வைத்த குட்டைப் பலகை அது. பெரும்பாலும் பிரேக் கிடையாது. பயிற்சியின் பெரும்பகுதி உண்மையில் இப்படித்தான் நடக்கிறது. நார்வே வீரர்கள் ஒரு வருடத்தில் போடும் உழைப்பில் பனியைத் தொடாத மணிநேரங்களே நிறைய. பின் ஏன் சுரங்கம்?

இதற்கான பதில் ஒரு சின்னச் சக்கரத்தில் இருக்கிறது. பழைய பாணிக்கான ரோலர் ஸ்கீயில் ஒரு சக்கரம் முன்னால் மட்டுமே உருளும். பின்னால் உருளாமல் பூட்டிக்கொள்ளும். அதனால் மேட்டில் எப்படி உதைத்தாலும் பலகை பின்வாங்காது. பனியில் அந்தப் பூட்டு கிடையாது. பலகையின் நடுப்பகுதியில் தடவிய மெழுகு, உடம்பின் முழு எடையும் சரியான கணத்தில் சரியான இடத்தில் விழுந்தால் மட்டுமே பனியைக் கவ்வும். ஒரு கணம் முந்தினாலோ பிந்தினாலோ கால் பின்னால் வழுக்கிவிடும். தார்ச்சாலை தப்பை மன்னித்து மன்னித்து ஆளைக் கெடுத்து வைக்கிறது. கோலும் அப்படித்தான். சாலையில் அதன் கூர்முனை ‘டக்’கென்று குத்தி நிற்கும். பனியில் கொஞ்சம் புதையும், கொஞ்சம் நழுவும். எவ்வளவு புதையும் என்பதைக் கைதான் தெரிந்துகொள்ள வேண்டும். எனவே மூச்சையும் தசையையும் எந்த ஊரிலும் வளர்த்துக்கொள்ளலாம். பாதத்துக்கு வேண்டிய அறிவைப் பனி ஒன்றுதான் தரும். ஆறு மாதம் பனியைத் தொடாமல் இருந்தால் அந்த அறிவு மங்கிவிடும் என்று பயந்துதான் சுரங்கத்துக்குள் போகிறார்கள்.

முன்பு இதற்குச் சுரங்கம் தேவைப்படவில்லை. ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன், இத்தாலியின் ஸ்டெல்வியோ என்று ஆல்ப்ஸின் உச்சிகளில் கோடையிலும் உருகாத பனியாறுகள் இருந்தன. அங்கே போய்த் தங்குவார்கள். அந்தப் பனியாறுகள் இப்போது வருடா வருடம் சுருங்குகின்றன. இன்னொரு வழி, குளிர்காலம் எங்கே நடக்கிறதோ அங்கே போய்விடுவது. நமக்கு ஆடி மாதம் என்றால் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் மலைகளிலும் சிலேயிலும் நடுக்குளிர்காலம். மூன்றாவதாக ஒன்று உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்தது. போன குளிர்காலத்தின் பனியை மலையாகக் குவித்து, அதன்மேல் மரத்தூளைக் கனமாகப் போர்த்திவிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இந்தப் போர்வை ஏறத்தாழ நாற்பது சென்டிமீட்டர் தடிமன். கோடை முழுவதும் வெயிலில் கிடந்தும் பனியில் பெரும்பங்கு தப்பிவிடும். இலையுதிர்காலத்தில் மரத்தூளை வழித்தெடுத்துவிட்டுப் பழைய பனியைத் தடமாக விரித்துவிடுகிறார்கள்.

மரத்தூள் என்றதும் மெட்ராஸ்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். இதே மரத்தூளில் பொதிந்துதான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குளங்களில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறி நம் கடற்கரைக்கு வந்தது. போஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாதம் பயணம் செய்து, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, எல்லாம் தாண்டி ஏறத்தாழ 100 டன் கரை சேர்ந்தது. மெட்ராஸில் 1842இல் அவருக்காகக் கட்டிய பனிக்கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். விவேகானந்தர் 1897இல் மேலைநாடுகளிலிருந்து திரும்பியபோது தங்கியிருந்ததால் இன்று அது விவேகானந்தர் இல்லம். அந்த வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் மட்டும் போகவில்லை. அமெரிக்க எழுத்தாளர் தோரோ தன் ‘வால்டன்’ நூலில் வால்டன் குளத்துப் பனிக்கட்டி போய்ச்சேரும் ஊர்களின் பட்டியலில் மெட்ராஸையும் சேர்த்திருக்கிறார். பிற்பாடு உள்ளூரிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்ய ஆரம்பித்ததும் டியூடரின் வியாபாரம் படுத்தது. அன்று துரைமாரின் கோப்பைக்குள் போடப் பனி கடல் தாண்டி வந்தது. இன்று பனியில் கால் வைக்க ஆட்கள் கடல் தாண்டிப் போகிறார்கள். இரண்டிலும் கையில் காசு உள்ளவன்தான் பருவத்தை மீறினான்.

ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். இலக்கியம் வழியாக வந்த பழக்கம். ஒரு கோடையில் அவர் தொலைபேசியில் பேசும்போது இடையில் சொன்னார்:

“அண்ணை, மகளை ஸ்கீ பழக்கக் கூட்டிக்கொண்டு வந்தனான். அவள் உள்ளுக்க நிக்கிறாள்.”

“இந்த ஜூலை மாசத்துலயா தம்பி?”

“ஓம் அண்ணை. மேல கூரை, கீழ பனி. அவள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உள்ளுக்க போறாள். நான் வெளியில வெயிலுக்க நிண்டு ஐஸ்கிறீம் குடிக்கிறன்.”

அவர் நின்றது லோரன்ஸ்கூக் அரங்கின் வாசலில். அங்கே நெடுந்தூரச் சறுக்குக்கான தடத்தைக் கூரையை ஒட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே சரிவில் குழந்தைகள் உருண்டு விளையாட, தலைக்குமேல் பெரியவர்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நார்வேக்காரன் காலில் ஸ்கீயோடுதான் பிறக்கிறான் என்று அங்கே ஒரு சொலவடை உண்டாம். “எங்கட பிள்ளையள் ஸ்கீயோட பிறக்கேல்லை, அதான் வாங்கிக் குடுக்க வேண்டிக் கிடக்கு” என்றார் நண்பர். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956இல் நார்வே போய்ச் சேர்ந்தவர். அங்கே கற்ற மீன்பிடித் தொழிலறிவை ஊருக்குக் கொண்டுவர ‘சீநோர்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பிறகு இலங்கையில் போர் வந்தது. 1980களில் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில், சூரியனே எழாத மாதங்களில், தமிழ் இளைஞர்கள் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பனி விளையாட்டுப் பொருளாக இல்லை. காலையில் கதவைத் திறக்கவிடாமல் கிடந்த பொருள் அது. அவர்களுடைய பிள்ளைகளுக்கோ அது பள்ளிக்கூடப் பாடம். பனியை விளையாட்டாகப் பார்க்க ஒரு தலைமுறை தேவைப்பட்டிருக்கிறது. இதை நினைத்தால், குளிர் நம் ரத்தத்தில் இல்லை என்று சொல்லித் தப்பிக்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ரத்தம் பற்றிப் பேசுகிறவர்களுக்குக் காட்ட இரண்டு பேர் இருக்கிறார்கள். கென்யாவின் பிலிப் போய்ட் நடுத்தூர ஓட்டக்காரர். 1996இல் ஒரு காலணி நிறுவனம் பணம் கொடுத்து அவரைப் பின்லாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அதற்கு முன் அவர் பனியைக் கண்டதில்லை. இரண்டே வருடத்தில், 1998 நாகானோ ஒலிம்பிக்கின் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் நின்றார். கடைசியாக வந்தார். முதலாவதாக வந்த நார்வேயின் பியோர்ன் டேலி எல்லையைக் கடந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. டேலி பதக்க மேடைக்குப் போகாமல் அவருக்காகக் காத்திருந்து கட்டிக்கொண்டார். போய்ட் தன் மகனுக்கு டேலி என்றே பெயர் வைத்தார். இந்தக் கதையை எல்லோரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நெகிழ்ச்சியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் 2002இலும் 2006இலும் திரும்பத் திரும்ப ஒலிம்பிக்குக்கு வந்தார் என்பது. கட்டிக்கொள்ள யாரும் காத்திராத பந்தயங்கள் அவை.

மற்றவர் டோங்கா தீவின் பீட்டா டௌஃபடோஃபுவா. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெற்று மார்பில் எண்ணெய் மினுக்கக் கொடி பிடித்து வந்தாரே, அவரேதான். டேக்வாண்டோ வீரர். ஒலிம்பிக் தகுதிக்கான புள்ளிகளில் அப்போது ரோலர் ஸ்கீ பந்தயங்களும் சேர்ந்தன. அவர் அந்தப் புள்ளிகளைத் தார்ச்சாலைகளில் சேர்த்துவிட்டு, கடைசியில் பனியில் ஓட வேண்டிய பந்தயத்தை ஐஸ்லாந்தில் முடித்துத் தகுதி பெற்றார். 2018 பியோங்சாங்கின் 15 கிலோமீட்டர் பந்தயத்தில் 114ஆவது இடம். அதே பந்தயத்தில் 103ஆவதாக வந்தவர் நம் நாட்டு ஜகதீஷ் சிங். வென்ற சுவிஸ் வீரர் டாரியோ கொலோக்னாவுக்கும் அவருக்கும் இடையே ஒன்பது நிமிடத்துக்கும் சற்று மேல். இந்த ஒன்பது நிமிடத்தில் எவ்வளவு உடம்பு, எவ்வளவு பாதத்தின் அறிவு என்று பிரித்துப் பார்த்தால், பாதத்தின் பங்குதான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். ராணுவத்தின் மலைவீரனுக்கு மூச்சுக்கு என்ன குறை?

இந்த விளையாட்டில் இந்தியாவிலிருந்து குளிர்கால ஒலிம்பிக் போனவர்களைக் கை விரலில் எண்ணிவிடலாம்: பகதூர் குப்தா, தாஷி லுண்டுப், நதீம் இக்பால், ஜகதீஷ் சிங், பிறகு 2026இல் ஸ்டான்சின் லுண்டுப். இமயத்தை ஒட்டிய மண்ணின் ஆட்கள், சீருடைக்காரர்களே அதிகம். குல்மர்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பள்ளி இருப்பதால் கிடைத்த வரிசை இது. பனி பக்கத்திலேயே இருக்கும்போது இவர்களுக்கு என்ன கவலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2024 ஜனவரியில் குல்மர்க் பொட்டலாகக் கிடந்த படங்கள் வந்தன. 2025இல் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் ஒத்திவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். காஷ்மீரத்துப் பையனும் பனிக்காக வானத்தைப் பார்த்து நிற்கும் காலம் வந்துவிட்டது.

இதற்கு நடுவில்தான் குடகிலிருந்து ஒரு பெண் வந்தார். பவானி தெக்கட நஞ்சுண்டா. காப்பித் தோட்டமும் மழையும் உள்ள மண். பனிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மலையேற்றம் வழியாகப் பனிச்சறுக்குக்கு வந்தவர். 2025இல் சிலே நாட்டில், அந்நாட்டுக் குளிர்காலத்தில், நடந்த சர்வதேசப் பந்தயத்தில் 5 கிலோமீட்டரில் வெண்கலம் வாங்கினார். இதை ஊதிப் பெரிதாக்கத் தேவையில்லை. உலகக் கோப்பைக்குப் பல படிகள் கீழே உள்ள பந்தயம் அது. அதே வருடம் டிரோன்ட்ஹைம் உலகப் போட்டியில் ஆறு பந்தயத்திலும் ஆறு தங்கம் அள்ளிய யோஹானஸ் கிளேபோவின் உலகம் வேறு. ஆனால் குடகுக்கும் பாலசமுத்திரத்துக்கும் நடுவில் அதிக தூரம் இல்லை. அவருக்கு முடிந்தது பழனி மலையடிவாரத்துப் பெண்ணுக்கு முடியாது என்று சொல்ல வானிலையைக் காரணம் காட்ட முடியாது.

உண்மையான தடை ஒரு விசா முத்திரை. பின்லாந்துச் சுரங்கத்துக்குப் போக நார்வேப் பையன் பலகையைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் விசாவுக்கு நேரம் வாங்கி, வங்கிக் கணக்கைக் காட்டி, அழைப்புக் கடிதம் காட்டி, திரும்பி வந்துவிடுவேன் என்று நம்பவைக்க வேண்டும். அதற்குமேல் விமானக் கட்டணம், நீளமான பலகைப் பைக்குத் தனிக் கட்டணம், தங்குமிடம், மெழுகு. மெழுகு ஒன்றே தனி உலகம். ஃப்ளோரின் கலந்த மெழுகு வேகம் கொடுக்கும். உடம்புக்கும் மண்ணுக்கும் கேடு. அதனால் 2023–24 பருவத்திலிருந்து போட்டிகளில் அதைத் தடை செய்துவிட்டார்கள். ஏழைக்கு நல்லது செய்த தடை என்று இதைச் சொல்வேன். மிக விலை கூடிய மெழுகு பயன்படாது என்று ஆகிவிட்டால் இடைவெளி ஒரு நூல் குறையும்.

சுரங்கம் ஒரு விதத்தில் எல்லோரையும் சமமாக்குகிறது. ஜூலையில் வுவோகட்டிக்காரனுக்கும் வாசலில் பனி கிடையாது, நமக்கும் கிடையாது. இருவரும் நுழைவுச்சீட்டு வாங்கியாக வேண்டும். இத்தனை நாளாகப் பனி பிறப்பால் கிடைத்தது; இப்போது ஓரளவுக்கு விலைக்குக் கிடைக்கிறது. பிறப்பைவிட விலை நல்லது என்று ஒரு மனம் சொல்கிறது. விலையும் ஒரு பிறப்புதான் என்று இன்னொரு மனம் சொல்கிறது. எனக்கு இரண்டும் சரியாகவே படுகின்றன.

பேசாமல் இங்கேயே ஒன்றைக் கட்டிவிட்டால் என்ன? துபாயில் 2005இலேயே பாலைவனத்து வணிக வளாகத்துக்குள் 400 மீட்டர் சரிவுப் பனியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே வேலை பார்க்கும் நம் பக்கத்து ஆட்கள் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்த படங்களை அனுப்புவார்கள். சென்னையிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு கம்பளிச் சட்டை மாட்டிவிடும் பனி அரங்கு வந்துவிட்டது. நான் போயிருக்கிறேன். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பயிற்சிச் சுரங்கம் வேறு விஷயம். குளிர்விப்பது என்றால் உள்ளிருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுவது. அடுக்களைக் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்தில் கை வைத்துப் பார்த்தவருக்கு இது தெரியும். வெளியே பதினைந்து டிகிரி இருக்கும் பின்லாந்தில் அந்தச் சூட்டைத் தள்ளுவது எளிது. நாற்பதைத் தொடும் திண்டுக்கல் சமவெளியில் அதே வேலைக்குப் பல மடங்கு மின்சாரம் வேண்டும். ஒரு கிலோமீட்டர்ச் சுரங்கத்தை வருடம் முழுக்க உறைநிலைக்குக் கீழே வைத்திருக்கும் மின்சாரத்தைக் கொண்டு இந்த வட்டாரத்துப் பாலையும் பூவையும் பழத்தையும் குளிர்கிடங்கில் காப்பாற்றலாம். தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிற விவசாயி இருக்கும் மாவட்டத்தில் பனிக்குக் கூரை போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். யாராவது அப்படியொரு திட்டத்தோடு வந்தால், அதில் பனியைவிட வேறு எதுவோ உறைந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

போய்வருவதுதான் மலிவு, நியாயமும்கூட. பனிக்கட்டித் தடத்தில் படுத்துச் சறுக்கும் லூஜ் விளையாட்டுக்கு இந்தியாவில் ஒரு தடம்கூட இல்லாததால் சிவ கேசவன் பலகைக்குச் சக்கரம் மாட்டி மணாலிச் சாலைகளில் லாரிகளுக்கு இடையே உருண்டு பழகினார். 1998இலிருந்து 2018வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டார். சாலையில் பழகிவிட்டுக் குறிப்பிட்ட சில வாரங்கள் மட்டும் பனிக்குப் போய்வருவது வீண்முயற்சி அல்ல என்பதற்கு அவர் சாட்சி.

சாலைக்கும் மூச்சுக்கும் எங்களிடம் பஞ்சமில்லை. தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து காவடியோடு நாள்கணக்கில் நடந்து வரும் நகரத்தாரையும், பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு நாட்டிலிருந்து தீர்த்தக் குடத்தோடு வருகிறவர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் எழுபது வயதுக்காரர்களும் உண்டு. கால் கொப்புளித்தாலும் நடை குறையாத அந்த உடம்புகளைப் பார்த்துவிட்டு, தமிழருக்கு நெடுந்தூரத் தாங்குதிறன் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைச்சாலை ஏறுகிறது. சமவெளியிலிருந்து கிளம்பி, கடல்மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிற சாலை. ஐரோப்பிய அணிகள் உயர்மலைப் பயிற்சி என்று பணம் கட்டித் தேடிப் போகும் உயரம் அது. எங்கள் பையன்கள் அந்தச் சாலையில் பைக்கில்தான் போகிறார்கள்.

விளையாட்டுத் துறையிடம் கேட்கிற அளவுக்கு இது பெரிய காரியமும் இல்லை. மாவட்ட அளவில் நெடுந்தூர ஓட்டத்தில் வெல்லும் பிள்ளைகளில் நாலைந்து பேரைப் பிடிக்க வேண்டும். அவர்களுக்கு ரோலர் ஸ்கீயும் கோலும் தலைக்கவசமும் வாங்கிக் கொடுக்க வேண்டும். பழக்கிவிட ராணுவத்தில் ஓய்வு பெற்ற ஓர் ஆள் கிடைப்பார். ஞாயிறு காலைகளில் இரண்டு மணி நேரம் ஒரு சாலையை வண்டிகளுக்கு மூடிவைக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து, தேறியவர்களை ஆடி மாதத்தில் சிலேக்கோ வுவோகட்டிக்கோ ஒரு மாதம் அனுப்ப வேண்டும். விசாக் கடிதத்தை அரசே எழுதித் தர வேண்டும். பதக்கம் வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 110ஆவது இடம் வரலாம். அந்த இடத்துக்கும் ஆள் வேண்டும்.

அதுவரைக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். என்றைக்காவது பாலசமுத்திரம் அணைச்சாலையில், சக்கரம் வைத்த பலகையில் இரண்டு கோலையும் ஊன்றிக்கொண்டு ஒரு பிள்ளை வேர்த்து விறுவிறுக்க எதிரே வந்தால், ஹாரன் அடிக்காதீர்கள். அதற்குப் பிரேக் கிடையாது. வண்டியை ஓரங்கட்டி வழி விடுங்கள்.